சென்னை காமிக் கானில் ஒரு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

காமிக்ஸ் ரசிகர்களும் ஓவியர்களும் கடைக்காரர்களும் கூடும் திருவிழாதான் காமிக் கான். அது முடிந்து வெளியே வருகிறவர்களின் பைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டி-ஷர்ட் இருக்கும். சாவிக்கொத்து, ஸ்டிக்கர், பிளாஸ்டிக் வாள், தலை மட்டும் பெரிதாக இருக்கும் பொம்மை எல்லாம் இருக்கும். காமிக்ஸ் புத்தகம் மட்டும் இருக்காது. இருந்தாலும் அது டிக்கெட்டோடு இலவசமாகக் கொடுத்த ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவன், பழைய புத்தகக் கடைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே பாதி விடுமுறைகளைக் கழித்தவன், ஒரு முழு நாள் அங்கே சுற்றிவிட்டு இரண்டு டி-ஷர்ட்டோடு வீடு திரும்பினேன். அடுத்த தடவை அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு, கொஞ்சம் திட்டம் போட்டுக்கொண்டு போனேன். அந்தத் திட்டத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மாலையில் திரும்பும்போது உங்கள் பையில் வரைந்தவர் கையாலேயே வாங்கிய இரண்டு புத்தகமாவது இருக்க வேண்டும். அதுதான் இலக்கு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

டிக்கெட், பணம், காலண்டர் அட்டை

காமிக் கான் இந்தியா முதலில் நடந்தது 2011 பிப்ரவரியில், டெல்லியின் தில்லி ஹாட் சந்தையில். பெங்களூரு, மும்பை, ஹைதராபாத் என்று ஊர் ஊராகப் போய்ச் சென்னைக்கு வர 2024 ஆகிவிட்டது. அந்த வருடம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் நடந்ததுதான் இங்கே முதல் காமிக் கான். சனி, ஞாயிறு என இரண்டு நாள்.

யூட்யூபில் அமெரிக்காவின் சான் டியகோ காமிக் கான் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது 1970-ல் ஒரு ஓட்டலில் ஏறக்குறைய முந்நூறு பேரோடு தொடங்கி, இன்று 1,30,000 பேருக்கு மேல் வருகிற கூட்டம். ஹாலிவுட் நட்சத்திரங்களைப் பார்க்க அங்கே முதல் நாள் இரவே வாசலில் படுக்கை போட்டுக் காத்திருப்பார்கள். இங்கே அவ்வளவு பாடு தேவையில்லை. காலையில் நேரத்தோடு கிளம்பினால் போதும்.

டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் நிற்பது வீண் வேலை. எந்த நாள் என்று கேட்டால், வாங்குவதற்கும் பேசுவதற்கும் சனிக்கிழமை காலை. ஓவியர்களிடம் சரக்கு முழுசாக இருக்கும், அவர்களுக்கும் தொண்டை கட்டியிருக்காது. ஞாயிறு மாலைக்கு வேறொரு லாபம் உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மிச்சத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மனமில்லாமல் சில கடைகளில் விலையை இறக்குவார்கள். இரண்டு நாளும் போவது, என் கணக்கில், பிடித்த பாத்திரம் மாதிரி வேஷம் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் தேவை. டி-ஷர்ட், பொம்மை எல்லாம் சேர்த்துப் பெட்டியாகக் கொடுக்கும் விலை கூடிய டிக்கெட்டும் இருக்கும். முதல் தடவைக்குச் சாதாரண ஒரு நாள் டிக்கெட் போதும். அதற்கே இலவசக் காமிக்ஸ் ஒன்றும் போஸ்டரும் கிடைக்கும். என்ன புத்தகம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும்.

பணத்தை வீட்டிலேயே பிரித்து வையுங்கள். மூவாயிரம் ரூபாய் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் ஆயிரத்து ஐந்நூறைத் தனியாக ஒரு கவரில் போட்டு 'புத்தகம்' என்று எழுதிவிடுங்கள். சிரிக்காதீர்கள். கல்யாண வீட்டு மொய்க் கவர் மாதிரி அதைத் தனியாக வைத்தால்தான் அது மிஞ்சும். அந்தப் பணம் ரொக்கமாகவே இருக்கட்டும், நூறும் இருநூறுமாக. யூபிஐ எல்லா மேஜையிலும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது சிக்னல் படுத்துவிடும். ஒரு பிரிண்டுக்கு, அதாவது ஓவியர் அச்சடித்து விற்கும் படத்துக்கு, நான் பணம் அனுப்ப, அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஒரு பையன் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி அந்தக் கடைசிப் பிரதியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தது பை. இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் இதழ் ஏறக்குறைய 17 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். ஓவியர்கள் விற்கும் பிரிண்டுகளில் ஏ4 அளவும் அதைப்போல் இரண்டு மடங்கான ஏ3 அளவும் அதிகம். ஆகவே ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கெட்டியான ஏ4 ஃபைல் ஒன்று இருந்தால் இதழ்களும் சின்னப் பிரிண்டுகளும் மடங்காமல் வந்துவிடும். ஏ3-க்கு நான் கண்டுபிடித்த வழி, பழைய தினசரிக் காலண்டரின் அட்டை. தாளெல்லாம் கிழித்து முடித்த பெரிய அட்டை இரண்டை எடுத்து, நடுவில் பிரிண்டை வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டால் ஆயிற்று. பிரிண்டைச் சுருட்டிப் பைக்குள் செருகினால் கூட்ட நெரிசலில் நசுங்கி, விரிக்கும்போது முருங்கைக்காய் மாதிரி வரி வரியாக இருக்கும். காலண்டரும் சிவகாசி, லயன் முத்து காமிக்ஸும் சிவகாசி. அதனால் இந்த அட்டைக்கு இந்த வேலை பொருத்தம்தான்.

பையில் இன்னும் போட வேண்டியவை: அடையாள அட்டை, பவர் பேங்க், கைக்குட்டை, தலைவலி மாத்திரை. காலுக்கு ஷூ. அங்கே நாள் முழுக்க நிற்பது கெட்டித் தரையில். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தவர்கள் மூன்று மணிக்கு மேல் சுவரோரம் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, ஸ்ப்ரே எல்லாம் உள்ளே விடுவார்களா என்பதை டிக்கெட்டோடு வரும் விதிகளில் ஒரு முறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நந்தம்பாக்கம் போய்ச் சேர்வது

சொந்த வண்டி வேண்டாம். மவுண்ட் பூந்தமல்லி சாலையைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோவில் வருகிறவர்கள் ஆலந்தூரில் இறங்குங்கள். நீலம், பச்சை இரண்டு பாதையும் அங்கே சந்திப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி. தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்களுக்குப் பரங்கிமலை. இரண்டு இடத்திலிருந்தும் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். கிண்டியிலிருந்து போரூர், பூந்தமல்லி போகும் பேருந்துகளும் டிரேட் சென்டர் வழியாகத்தான் போகின்றன. வெளியூரிலிருந்து கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குகிறவர்கள் மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து ரயில் பிடித்தால் நெரிசலில் மாட்டாமல் வரலாம்.

கதவு திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். வரிசையே பாதி வேடிக்கை. எங்களுக்கு முன்னால் அட்டையிலும் வெள்ளிப் பெயிண்டிலும் செய்த கவசத்தோடு ஒருவர் நின்றார். அவருடைய அம்மா பக்கத்திலேயே நின்று, முகமூடிக்குள் ஸ்ட்ரா வைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம்

உள்ளே போனதும் கண் கூசும். பெரிய பெரிய அரங்குகள், திரைகள், பாட்டு, ஆளுயரச் சிலைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் படம் எடுக்க வரிசை. எதிலும் நிற்காதீர்கள். இலவசமாகத் தரும் புத்தகத்தையும் போஸ்டரையும் எங்கே தருகிறார்கள் என்று பார்த்து வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் பர்ஸைத் திறக்காமல் கூடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நிகழ்ச்சி நிரல் எங்கேயாவது ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு எங்கே என்று பாருங்கள். கூட வந்தவர்களோடு ஒரு சந்திப்பு இடம் பேசி வையுங்கள். அசையாத ஏதாவது ஒன்றாக அது இருக்கட்டும். அக்கா மகளும் நானும் 'அந்தப் பெரிய ரோபோ பக்கத்தில்' என்று பேசி வைத்தோம். அந்த ரோபோ ஒரு மனிதர் போட்டிருந்த உடை என்பது பன்னிரண்டு மணிக்கு அவர் சாப்பிடக் கிளம்பியபோதுதான் தெரிந்தது.

சுற்றி முடித்ததும் நேராக ஓவியர்களின் மேஜைகளுக்குப் போங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒருவரோ இருவரோ. பின்னால் கம்பியில் தொங்கும் பிரிண்டுகள், முன்னால் அடுக்கிய புத்தகங்கள். காலை வேளையில் கூட்டம் பெரிய அரங்குகளில் மாட்டிக்கொண்டிருக்கும். இங்கே நின்று பேச இடமிருக்கும். மதியத்துக்கு மேல் இதே இடத்தில் தோள் இடிக்காமல் நகர முடியாது.

இந்த மேஜைகளுக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், மற்ற எல்லாமும் வேறு எங்கேயாவது கிடைக்கும். ஸ்பைடர்மேன் டி-ஷர்ட் தி.நகரில் கிடைக்கும். ஆனால் ஒரு கதையை யோசித்து, வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்து, அட்டைப் பெட்டியில் கட்டி ரயிலில் கொண்டுவந்த ஆளே எதிரில் உட்கார்ந்து அதை உங்களிடம் விற்பது இங்கே மட்டும்தான். 1975 டிசம்பரில் டோக்கியோவில் முதல் காமிக்கெட் சந்தை இப்படித்தான் தொடங்கியது. 32 குழுக்கள் தாங்களே அச்சடித்த புத்தகங்களை வைத்து விற்றன, வந்தவர்கள் எழுநூறு பேர் சொச்சம். இன்று அதற்கு வருகிற கூட்டம் லட்சக்கணக்கில்.

மேஜை முன்னால் எப்படி நடந்துகொள்வது

கூச்சப்பட வேண்டாம். அவர்களில் பலர் உங்களைவிடக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். பெங்களூரு, மும்பை, டெல்லியிலிருந்து வருகிறவர்களோடு ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும். ஆனால் கூடத்தில் தமிழ் பேசும் ஓவியர்கள் இருக்கிறார்கள். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்வதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள். என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் கேள்வி இதுதான்: "உங்க புத்தகத்துல புதுசா படிக்கிறவங்க எதுல ஆரம்பிக்கணும்?" அவர் உடனே ஒன்றை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார். விலை அதிகமான புத்தகத்தைத்தான் கொடுப்பார் என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டு தடவை மிகச் சின்னப் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கையில் காபியோ எண்ணெய்ப் பலகாரமோ இருந்தால் மட்டும் தொடாதீர்கள். பிரிண்டுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது அவர்களுடைய விற்பனைச் சரக்கு. வாங்கப் போவதில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் மேஜையை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பேரம் வேண்டாம். அந்த மேஜைக்கு அவர்கள் வாடகை கொடுத்திருக்கிறார்கள், அச்சுச் செலவும் பயணச் செலவும் வேறு. மூன்று பிரிண்ட் எடுத்தால் இவ்வளவு என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள், அதுதான் தள்ளுபடி. "இதை ஏஐ-ல போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துடுமே" என்று ஓர் அங்கிள் ஒரு பெண்ணிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் தலைமுறை சார்பில் நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு ஸ்டிக்கர் வாங்கினேன்.

கையெழுத்துக் கேளுங்கள். பெரும்பாலோர் காசு வாங்குவதில்லை, சிலர் ஒரு சின்னக் கோட்டோவியமும் போட்டுத் தருவார்கள். உங்கள் பெயரைச் செல்போனில் தட்டச்சு செய்து காட்டுங்கள், இரைச்சலில் வாயால் சொன்னால் எழுத்து மாறிவிடும். அட்டையில் போடச் சொல்வதைவிட உள்பக்கத்தில் போடச் சொல்வது நல்லது. வழுவழுப்பான அட்டையில் மை காயாமல் இழுபடும்.

உங்களையோ உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தையோ வரைந்து தரச் சொல்வதற்கு அங்கே கமிஷன் என்று பெயர். வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் இத்தனைதான் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், மதியத்துக்குள் அது நிறைந்துவிடும். என்ன அளவு, கறுப்பு வெள்ளையா வண்ணமா, எத்தனை மணிக்கு வந்து வாங்கலாம், முன்பணம் எவ்வளவு என்று நான்கையும் பேசி முடித்துவிட்டுப் பணம் கொடுங்கள். மேஜை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லா மேஜையும் ஒரே மாதிரி தெரியும்.

பதிப்பகங்களின் அரங்குகளும் இருக்கும். யாளி ட்ரீம் கிரியேஷன்ஸ், ஹோலி கவ், புல்ஸ் ஐ பிரஸ் போன்ற இந்தியப் பதிப்பகங்களின் பெயர்களைக் காமிக் கான்களில் பார்க்கலாம். 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதைதான் இந்தியக் காமிக்ஸ் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இவர்களுடைய பேய்க் கதைகளும் அகோரிகளும் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். குழந்தைக்கு வாங்கும் முன் நடுப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

தமிழ்க் காமிக்ஸ் மட்டும் தேடி வருகிறவர்களுக்கு ஒரு நேர்மையான எச்சரிக்கை: இந்தக் கூடம் ஆங்கிலத்திலும் மாங்கா என்னும் ஜப்பானியக் காமிக்ஸிலும் ஓடுகிறது. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-ல் வந்த லயனையும் ஆற அமரப் பார்த்து வாங்க சென்னைப் புத்தகக் காட்சியே வசதி. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன் முத்து வாசகர்கள் கூடுவதும் பல வருடப் பழக்கம். நரை விழுந்தவர்கள் இரும்புக்கை மாயாவியின் பழைய இதழ்களுக்காகச் சின்னப் பையன்கள் மாதிரி வாதாடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஈரோட்டுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். வேஷம் கட்ட மாட்டார்கள், மற்றபடி அதுவும் காமிக் கான்தான்.

மதியம்: சாப்பாடு, பொம்மை, வேஷம்

பதினொன்றரைக்குச் சாப்பிடுங்கள், இல்லை மூன்று மணிக்குச் சாப்பிடுங்கள். ஒரு மணிக்கு உணவுக் கடைப் பக்கம் போவது பாவம். விலை வெளியே இருப்பதைவிடக் கூடுதல், அதற்குத் தயாராகவே போங்கள்.

சாப்பிட்டு முடித்தால் இப்போது பெரிய கடைகள். இங்கே என்னுடைய ஒரே கேள்வி: இதை நாளைக்கும் வாங்க முடியுமா? மாங்காத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்தால் அதே புத்தகம் இணையத்தில் என்ன விலை என்று பாருங்கள். சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வைத்துவிடுங்கள், பிறகு வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். பழைய இதழ்கள், இனி அச்சில் வராதவை, தொடரில் உங்களுக்கு விட்டுப்போன எண் என்றால் மட்டும் இங்கே வாங்குங்கள். பழைய இதழ் வாங்கும்போது முதுகைப் பாருங்கள். நடுப்பக்க ஊக்குகள் துருப்பிடித்திருக்கிறதா, நடுத்தாள் கழன்றிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பிரித்துப் பாருங்கள். மாங்காவை முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அது வலமிருந்து இடம். 'பின்னட்டை' என்று நினைப்பதுதான் முன்னட்டை. மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

பொம்மைகளில் போலி உண்டு. என் அக்கா மகள் ஒரு கடையில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பொம்மை ஒன்றைப் பாதி விலைக்குப் பார்த்துவிட்டு, "மாமா, இதை விட்டா கிடைக்காது" என்று குதித்தாள். வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஒரு கண் மேலே பார்த்தது, ஒரு கண் கீழே பார்த்தது. இப்போது எங்கள் வழக்கம் இது: முகத்தில் வண்ணம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, தலைமுடியின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா, பெட்டியில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்போம். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அதுவே பதில்.

கேம் விளையாடும் பகுதியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வரிசை நீளம். பத்து நிமிட விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் நிற்க உங்களுக்குச் சம்மதம் என்றால் போங்கள்.

காஸ்ப்ளே என்னும் வேஷத்தைப் பற்றி இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டும். முதலில் கட்டுகிறவர்களுக்கு. முதல் தடவையே ஆறடிக் கவசம் வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் துணியில் பாதி வேலை முடிகிற பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். கவசமோ ஆயுதமோ செய்ய குழந்தைகள் விளையாடும் பாய்க்குப் பயன்படும் ஃபோம் ஷீட் நல்லது. கத்தியால் வெட்டலாம், ரப்பர் பசையால் ஒட்டலாம், சூடு காட்டினால் வளையும். உலோகம், கூர்மை, எதையாவது சுடுகிற அமைப்பு எதுவும் வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மெட்ரோவிலும் பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதை மறக்காதீர்கள். பொய் வாளாக இருந்தாலும் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஊக்கு, இரட்டைப் பக்க டேப், சீக்கிரம் ஒட்டும் பசை, ஊசி நூல் இந்த நான்கும் ஒரு டப்பாவில் இருக்கட்டும். சென்னையில் பிப்ரவரியிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடும், விக்குக்குள் தலை வெந்துபோகும். மணிக்கு ஒரு தடவையாவது கழற்றித் தண்ணீர் குடியுங்கள். போட்டியில் சேர விருப்பம் என்றால் வந்ததும் பெயரைக் கொடுத்துவிடுங்கள். காமிக்ஸ், அனிமேஷன், மாங்கா அனிமே, அறிவியல் புனைவும் மாயக் கதையும், கேமிங் என்று வகை பிரித்து நடத்துவார்கள். நன்றாகச் செய்தவர்களுக்கு இந்தியக் காஸ்ப்ளே சாம்பியன்ஷிப் வரைக்கும் வழி இருக்கிறது.

இனி வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. படம் எடுக்கும் முன் கேளுங்கள். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்தபடி அந்தப் பாத்திரத்தின் நிலையில் நிற்பார்கள், அந்தப் படமும் நன்றாக வரும். சாப்பிடும்போது, வேஷத்தைச் சரி செய்யும்போது, கழிப்பறை வாசலில் கேட்காதீர்கள். விக்கை இழுப்பது, தோளில் கை போடுவது, றெக்கையைத் தட்டிப் பார்ப்பது கூடாது. உடை சின்னதாக இருக்கிறது என்பது உரிமை கொடுத்ததாக ஆகாது. இதைப் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யாராவது தொந்தரவு செய்தால் வாக்குவாதத்தில் இறங்காமல் பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரிடமோ பாதுகாவலரிடமோ உடனே சொல்லுங்கள்.

மேடை நிகழ்ச்சிகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். காமெடி, இசை இவற்றுக்குக் கூட்டம் தானாக வரும். ஓவியர்களும் எழுத்தாளர்களும் பேசும் அமர்வுகளில் முன்வரிசை காலியாகக் கிடக்கும், அங்கே போய் உட்காருங்கள். கால் வலிக்கும் நேரத்தில் நாற்காலியும் கிடைக்கும், ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம் வைப்பது, பேச்சுக் குமிழை எங்கே போடுவது என்பது போன்ற தொழில் ரகசியங்களும் காதில் விழும். கேள்வி நேரத்தில் கை தூக்கினால் மைக் உங்களிடம்தான் வரும், போட்டிக்கு ஆள் இருக்காது.

சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் நான்கு மணிக்கு மேல் இருக்கத் திட்டமிடாதீர்கள். இரைச்சல் அவர்களுக்குத் தாங்காது. குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய தாளை வைத்துவிடுங்கள். முகமூடி போட்டவர்களைப் பார்த்துப் பயந்தால் தூக்கிக்கொண்டு புத்தகக் கடைப் பக்கம் போங்கள், அங்கே சத்தம் குறைவு.

கிளம்பும் நேரம்

மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓவியர்கள் பக்கம் இன்னொரு தடவை போங்கள். கமிஷன் கொடுத்திருந்தால் வாங்க வேண்டும். காலையில் யோசித்துவிட்டு வைத்த புத்தகம் இன்னும் மனசில் இருந்தால் அதை இப்போது வாங்குங்கள். நாள் முழுக்க மறக்காதது வாங்கத் தகுந்ததுதான். கவரில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அந்த இரண்டாவது தடவை இருநூற்றுச் சொச்சம் மிச்சமிருந்தது. அதற்கு இருபத்து நான்கு பக்கத்தில், ஊக்கு அடித்த, கறுப்பு வெள்ளைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அன்றைக்கு வாங்கியதிலேயே நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான்.

கடைசி அறிவிப்பு வரைக்கும் இருக்காமல் அரை மணி முன்பே வெளியே வாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறி ஆப்பில் ஆட்டோ தேடினால் விலை எகிறிவிடும். வாசலிலேயே நிற்காமல் சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் பிடித்தால் சீக்கிரம் கிடைக்கும். கிண்டி பேருந்தே கிடைத்தாலும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அசதியில் பையை அப்படியே மூலையில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். பிரிண்டுகளை எடுத்து ஒரு பெரிய புத்தகத்துக்கு அடியில் தட்டையாக வையுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். இதழ்களைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், பின்னால் ஓர் அட்டையோடு போட்டு நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளைந்துபோகும். தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டு வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டினால் வெள்ளிப் பூச்சி அண்டாது.

அப்புறம், அந்தக் காலண்டர் அட்டையில் போட்ட ரப்பர் பேண்டை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இருக்கும் ராணி காமிக்ஸ் ஒன்றின் அட்டையில் நாயகனின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. நான் ஏழாவது படிக்கும்போது போட்டது.